வேலூரில் ஐந்து நாள்கள்



வேலூர் என்றதும் நம்மவர் நினைவில் எழுபவை மூன்று: அகழி சூழ்ந்த கருங்கற் கோட்டை, ஆலிம்கள் பலரை உருவாக்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி, சி.எம்.சி. மருத்துவமனை. சில ஆண்டுகளுக்கு முன் என் லாத்தாவுடன் காட்பாடி நிலையத்தில் இறங்கிய நான், மூன்றாவதை நாடியே சென்றேன். மற்றப் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று லாத்தாவே இசைவு தந்ததால் இதனை எழுதுகிறேன்.

லாத்தாவின் மார்பகத்தில் ஒரு கட்டி. உள்ளூரில் ஸ்கேன் எடுத்தோம். அச்சப்பட ஒன்றுமில்லை என்று அறிக்கை வந்தது. வீடே அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியது. ஆயினும் மூன்று மாதங்கள் கழிந்தும் கட்டி கரையவில்லை. சற்றுப் பெருத்திருப்பதாகவும் தோன்றியது.

"நல்ல செய்தி வந்த பிறகும் ஐயப்படுவது தவக்குலுக்குக் குறைவல்லவா, தம்பி?" என்று லாத்தா கேட்டார்கள். நாள்தோறும் பாடம் சொல்லும் எனக்கு உடனே விடை வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு உணர்த்திய நிகழ்ச்சி இரவில்தான் நினைவுக்கு வந்தது. கட்டிய முடிச்சை மறுமுறை இழுத்துப் பார்ப்பதில் குற்றமென்ன? விடிந்ததும் பயணத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

வேலூரில் லாத்தாவைப் பரிசோதித்தவர் ஒரு பெண் மருத்துவர். பழைய அறிக்கையை அவர் குறை கூறவில்லை. "கைக்குத் தட்டுப்படும் கட்டிக்கு ஸ்கேன் மட்டும் முடிவான சான்றாகாது. கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்" என்று பொறுமையாக விளக்கினார். ஊசிச் சோதனையும் நடந்தது.

முடிவுக்காகக் காத்திருந்த மாலைகளில் அகழிக் கரையில் அமர்ந்திருப்பேன். இம்மருத்துவமனையின் தொடக்கமே நமக்கொரு படிப்பினை. திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று கணவர்கள், பிரசவத்தில் துன்புற்ற தத்தம் மனைவியரைக் காக்க ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். ஐடா மருத்துவம் பயின்றவரல்லர். மருத்துவரான அவருடைய தந்தையையோ, ஆண் என்பதால், கணவர்கள் ஏற்கவில்லை. பெண்கள் மூவரும் இறந்தனர். அதன்பின் மருத்துவம் கற்ற ஐடா, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். நாணத்தால் நோயை மறைக்கும் நம் சகோதரிகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய் அன்று. அல்ஹம்துலில்லாஹ்!

அப்படியாயின் இப்பயணம் வீணா? இல்லை. முதல் அறிக்கை தந்தது ஆறுதல். இரண்டாவது தந்தது தெளிவு. எங்கள் விடுதியின் அடுத்த அறையில் வங்காளத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஐந்து மருத்துவர்கள் ஒரே விடையைச் சொன்ன பிறகும், ஆறாமவரைத் தேடி வந்திருந்தார். அறிக்கை ஒன்று கூற, உடல் வேறொன்று கூறினால், மறுகருத்துக் கேட்பது கடமை. அறிக்கையும் உடலும் ஒத்துப்போன பின்னும் வாசல் வாசலாக அலைவது மன அமைதியைக் கெடுக்கும். பழைய அறிக்கைகளையும் படங்களையும் தவறாது எடுத்துச் செல்லுங்கள், "இச்சோதனையில் தெரியாதது எது?" என்று தயங்காது கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பத்தார் அனைவருக்கும் நற்சுகத்தை அருள்வானாக! ஆமீன்.