வண்டி இழுக்குதில்ல

"வண்டி முந்தி மாதிரி இழுக்குதில்ல மகள்" என்று வாப்பா சொன்ன அதே நாளில்தான் எனது இரண்டாம் தவணைப் பெறுபேறும் வந்தது. பௌதிகவியலுக்கு 38 புள்ளிகள். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

வாப்பாவுக்கு அந்தச் சிறிய கார்தான் தொழில். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் ஹயர். ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கை வாசலில், சரிவான இடத்தில்தான் அதை நிறுத்துவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் 'இதை விற்று வேறொன்று வாங்கலாம்' என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை.

விவேகானந்தா மேட்டில் ஏறும்போது முச்சக்கரவண்டிகள்கூட ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை முந்தின. பெட்ரோலும் வழமையைவிட அதிகமாகச் செலவானது. "பிக்கப் இல்லாட்டி பிளக்தான்" என்றார் ஒருவர். பிளக் மாற்றினோம். "எயார் ஃபில்டர்" என்றார் இன்னொருவர். அதையும் மாற்றினோம். அடுத்தது பெட்ரோல் ஃபில்டர். வாப்பா மூன்று தடவை பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தார். ஒவ்வொன்றும் மாற்றிய அன்று கார் நன்றாக ஓடும். மறுநாள் பழைய கதைதான்.

கடைசியில் ஒரு கராஜில், "எஞ்சின் தேஞ்சிட்டு, இறக்கித்தான் செய்யோணும்" என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு முடியும் என்று வாப்பா எங்களிடம் சொல்லவில்லை. உம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் மஃரிப் தொழுதுவிட்டு உம்மா தனது இரண்டு வளையல்களையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். "செட்டியார் தெருவில விலை கேட்டுட்டு வாங்க" என்றார். வாப்பா அதைக் கையில் எடுக்கவே இல்லை.

எனக்கும் அதே வைத்தியம்தான் நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு டியூசன். மூன்றாவது ஒன்றைத் தேடினார் உம்மா. "மூளைக்குப் பாரம் போல, கலைப்பிரிவுக்கு மாத்துங்க" என்றார் மாமா.

அன்றிரவு கொப்பியைத் திறந்தேன். விளையுள் விசை = திணிவு × ஆர்முடுகல். நூறு தடவை எழுதிய சமன்பாடுதான். கார் வேகமெடுக்கவில்லை என்றால் ஆர்முடுகல் குறைந்திருக்கிறது. அதற்கு எஞ்சின் கொடுக்கும் விசை குறைந்திருக்கலாம். அல்லது எதிர்க்கும் விசை கூடியிருக்கலாம். நாங்கள் எல்லோரும் முதலாவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வாப்பா, ஒரு கிழமை பொறுங்க. ஒண்டும் மாத்தாம பாப்பம்" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

முதலில் கேட்டேன், குறித்துக்கொண்டேன். எஞ்சின் சத்தம் மட்டும் கூடிக் கார் நகராமல் நின்றால் கிளச் வழுக்குகிறது என்று அர்த்தம். விட்டுவிட்டுத் திக்கித் திக்கி ஓடினால் பிளக்கையோ பெட்ரோல் வரும் வழியையோ சந்தேகிக்கலாம். வாப்பாவின் காரில் இரண்டும் இல்லை. சத்தம் சீராகவே இருந்தது, சுமை இழுப்பதைப் போல. நீர்கொழும்புக்கு ஒரே ஓட்டமாகப் போன நாளில் போகப்போக இலேசானதாம். நின்று நின்று போகும் நாட்களில்தான் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை சுபஹுக்குப் பிறகு காலி முகத்திடல் பக்கம் போனோம். வீதி மட்டமாகவும் வெறிச்சோடியும் இருந்தது. வாப்பா மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். கார் சிறிது தூரம் உருண்டு, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றது. "முந்தி இதுக்கு ரெண்டு மடங்கு தூரம் போகுமே!" என்றார் வாப்பா. இறங்கி ஒவ்வொரு சில்லின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். பின்பக்க இடது சில்லிலிருந்து மட்டும் அனல் வீசியது.

வீட்டுக்கு வந்ததும் மட்டமான இடத்தில் நிறுத்தி, முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஜாக்கி போட்டார் வாப்பா. வலது சில்லைக் கையால் சுற்றியதும் பல சுற்றுச் சுற்றியது. இடது சில்லு அரைச் சுற்றுக்கூடப் போகவில்லை.

ஆமர் வீதியில் வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவர் வந்து டிரம்மைக் கழற்றினார். ஹேண்ட்பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தது. இழுத்தால் போகும், விட்டால் முழுதாகத் திரும்பி வராது. பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கராஜ் மட்டமான இடம், அங்கே ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. அதனால்தான் சாமான் மாற்றிய அன்றெல்லாம் நன்றாக ஓடியது! "எஞ்சினுக்கு ஒண்டுமில்ல. இப்படியே ஓடியிருந்தா பிரேக் சூடாகி ஆபத்தா முடிஞ்சிருக்கும்" என்றார் பாஸ். புதிய கேபிள், பின்பக்கம் இரண்டுக்கும் புதிய ஷூ. ஒரு வளையலின் விலையில் சிறு பங்குகூட முடியவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு எனது 38 புள்ளி வினாத்தாளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றையும் மாற்றாமல், வெறுமனே பார்த்தேன். 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். எழுதியவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் கடைசி 13 வினாக்களைத் தொடவே இல்லை. இரண்டு கணக்குகளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்திருக்கிறேன்.

மூன்றாவது டியூசனுக்கு நான் போகவில்லை. வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகினேன். மூன்றாம் தவணையில் 57 புள்ளிகள். பெரிய புள்ளி இல்லைதான். ஆனால் மாமா கலைப்பிரிவைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

வளையல்கள் உம்மாவின் கையிலேயே இருக்கின்றன. பரீட்சை நாட்களில் பாடசாலை வாசலில் நான் இறங்கும்போது வாப்பா கண்ணாடியை இறக்கி ஒரு கேள்வி கேட்பார்:

"ஹேண்ட்பிரேக் விட்டாச்சா மகள்?"