ஊருக்குச் சொந்தமான மணல்மேடு

கோல்ஃப் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பணக்காரர்கள்தான். உயரமான மதில், வாசலில் காவலாளி, தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்வெளி... ஆனால் அந்த ஆட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரைக்குப் போனால் கதையே வேறு. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிறு நகரத்தில் இருக்கும் 'ஓல்டு கோர்ஸ்', உலகின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம். அது ஊரின் பொதுச் சொத்து! பெரிய போட்டிகள் நடக்கும் நாட்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அதன்மேல் காலாற நடக்கிறார்கள்.

இதுபோன்ற மைதானங்களை 'லிங்க்ஸ்' என்பார்கள். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டு நிலத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் அது. உழவுக்கு உதவாது, மரமும் அதிகம் வளராது. தமிழ்நாட்டு வருவாய்த்துறை பாஷையில் சொன்னால், புறம்போக்கு. ஆனால் மணல் என்பதால் மழைத்தண்ணீர் தேங்காது. உப்புக்காற்றைத் தாங்கும் மெல்லிய புல் முளைக்கும். முயல்களும் ஆடுகளும் அதை மேய்ந்து மேய்ந்து கட்டையாக்கின. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்கள்தான் 'பங்கர்' எனப்படும் மணற்குழிகள் ஆயின என்று சொல்வதும் உண்டு. எதற்கும் உதவாத நிலம் என்பதால்தான் அது எல்லோருக்கும் கிடைத்தது.

1457-ஆம் ஆண்டே ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் இந்த ஆட்டத்துக்குத் தடை வந்தது. வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்பது காரணம். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் கொடுத்த சாசனம், லிங்க்ஸில் விளையாட ஊர்மக்களுக்கு இருந்த உரிமையை உறுதி செய்தது. 1764-இல் இங்கே 22 குழி ஆட்டம் 18 குழி ஆட்டமாக மாற, பிற்பாடு உலகமே அதைப் பின்பற்றியது.

இந்த உரிமை ஒருமுறை கைநழுவியும் போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கடனில் மூழ்கிய நகர நிர்வாகம் நிலத்தை விற்றுவிட, வாங்கிய வணிகர்கள் முயல் வளர்த்தார்கள். ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் அடிதடி, வழக்கு என்று இருபது வருடம் ஓடியது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிலம் மறுபடி ஊர் கைக்கு வந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. வெளியூர்க்காரருக்குக் கட்டணம் அதிகம்தான். ஆனாலும் குலுக்கலில் பெயர் விழுந்தால் யாரும் ஆடலாம்.

தே ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால் கார்னூஸ்டி. இதுவும் பொது மைதானம். 1999 ஓப்பன் போட்டியில் பிரான்சின் ஜான் வான் டி வெல்ட், மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தார். ஆறு அடியில் முடித்தாலே கோப்பை. பந்து ஓடைக்குள் விழ, காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். ஏழு அடி ஆனது. கூடுதல் ஆட்டத்தில் வென்றவர், கடைசி நாளை பத்து அடி பின்தங்கித் தொடங்கிய பால் லாரி. அவர் பக்கத்து அபர்தீன்காரர்!

நிலம் பொது. ஆனால் நிலத்தைப் பார்த்து நிற்கும் கட்டடங்கள் அப்படி இல்லை. ஓல்டு கோர்ஸ் ஓரத்தில் இருக்கும் 'ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்' கிளப் பெண்களை உறுப்பினராக்க முடிவெடுத்தது 2014-இல்தான். இதே கடற்கரையின் தெற்கே உள்ள மியூர்ஃபீல்டு 2016-இல் மறுத்தது. ஓப்பன் நடத்தும் வாய்ப்பு பறிபோனதும், 2017-இல் மறுபடி வாக்கெடுத்து ஒப்புக்கொண்டது. 2022-இல் அங்கேயே பெண்கள் ஓப்பன் நடந்தது.

மனிதர்கள் போட்ட வேலியை மனிதர்களே எடுத்துவிடலாம். கடல் அப்படி இல்லை. கார்னூஸ்டிக்கு வடக்கே மான்ட்ரோஸ் என்ற ஊரில் 1562 முதல் கோல்ஃப் ஆடுகிறார்கள். முப்பது ஆண்டுகளில் சுமார் 70 மீட்டர் கரையைக் கடல் அங்கே விழுங்கிவிட்டதாக 2018-இல் வெளிவந்த பருவநிலை அறிக்கை சொன்னது. மைதானத்தை உள்நோக்கி நகர்த்த வேண்டியிருக்கிறது. கல்லைக் கொட்டிக் கரையைக் காக்கப் பெரும் பணம் வேண்டும். தனியார் கிளப்பாக இருந்தால் உறுப்பினர்கள் கொடுப்பார்கள். ஊர்ச் சொத்துக்கு யார் கொடுப்பது?

மன்னனின் தடையையும் முயல் வியாபாரத்தையும் தாண்டி வந்த நிலம் அது. எல்லோருக்கும் சொந்தமானதை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுவார்களா, அல்லது 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடுவார்களா? இந்தக் கேள்விக்குக் கோல்ஃப் தெரிந்திருக்க வேண்டியதில்லை.