உரைபெயர்ப்பாளரும் ஜூரர் அறையும்

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து குடியேறியவர்களுக்கு நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளரை நம்பி நிற்பது புதிதல்ல. அந்த மாவட்டங்கள் அடங்கும் சப்ரகமுவவில் வழக்குப் பதிவு சிங்களத்தில் நடக்கிறது. தமிழில் சாட்சி சொல்பவரின் பேச்சு இன்னொருவர் வாய்வழியாகவே நீதிபதியை எட்டுகிறது. இங்கே அந்த இடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் 2004 ஜனவரியில், அப்போது இங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மிர்சா வழக்கில் சொன்ன தீர்ப்பு நம்மவரை நேரடியாகத் தொடுகிறது. பாகிஸ்தானிலிருந்து வந்து இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த மிர்சா, உரைபெயர்ப்பாளரின் துணையோடு வழக்கை எதிர்கொண்டார். பன்னிரண்டு ஜூரர்களில் பத்துப் பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள். சில நாட்களில் ஒரு ஜூரர் அவருடைய வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதினார்: இத்தனை காலம் இங்கிருந்தவர் உரைபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டது தந்திரம் என்று சக ஜூரர்கள் சிலர் நினைத்தார்களாம். அப்படி நினைக்கக்கூடாது என்று நீதிபதி சொல்லியிருந்தும் இது நடந்தது. அந்தக் கடிதத்தைச் சான்றாக ஏற்க முடியாது என்று நான்கு பிரபுக்கள் முடிவு செய்தனர். ஸ்டெய்ன் பிரபு ஒருவரே மாறுபட்டார். அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஜூரர் தம் முடிவுக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக்கூடாது என்ற விதியை 1785இல் ஆங்கிலேய நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு வகுத்தார். அதன் காரணங்கள் அற்பமானவை அல்ல. அறைக்குள் பேசியது வெளியே வருமென்றால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். தோற்றவர்கள் ஜூரர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். எந்த வழக்கும் முடியாது. எந்தக் குறைக்கும் ஜூரர் சாட்சியத்தைக் கேட்டுப் பழைய முடிவைக் கிளறலாம் என்று வாதிடுபவன் அல்ல நான். அலுப்பு, அவசரம், சான்றைத் தப்பாகப் புரிந்துகொண்டது போன்றவற்றுக்கு ஜூரர் அறையின் கதவு மூடியே இருக்கட்டும். ஆனால் ஒருவருடைய இனமோ மொழியோ அவரைத் தண்டித்திருந்தால், அங்கே காப்பாற்ற ஒரு விசாரணையே நடக்கவில்லை. முடிவுக்கு முன்பே ஜூரர் நீதிபதியிடம் முறையிட்டிருக்கலாமே என்பார்கள். சிறுபான்மையாக நிற்பவர்களில், பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பற்றியே குறிப்பெழுதி அனுப்புவது எத்தனை பேருக்குக் கைகூடும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல், பெனா-ரொட்ரிகஸ் வழக்கில், இந்தக் கதவை அளந்து திறந்தது. குற்றவாளியென முடிவு செய்ய இனம் பற்றிய முன்முடிவோ வெறுப்போ முக்கிய உந்துதல் என்று ஜூரர் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதைப் பற்றிச் சக ஜூரர் தரும் சாட்சியத்தை நீதிமன்றம் கேட்கலாம். இந்த விதிவிலக்குக்கும் எல்லை உண்டு. இலங்கையில், தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தெரிவு செய்த சிங்களம் பேசும் ஜூரி 2016 டிசம்பரில் ஐவரை விடுவித்தது. இப்படி விடுதலை செய்யும் முடிவுகளுக்கு அந்த விதிவிலக்கு உதவாது. அதற்கான திருத்தம், எந்த மொழி ஜூரி வேண்டும் என்று தெரிவு செய்யும் உரிமை குறித்த இலங்கைச் சட்டத்திலேயே நடக்கவேண்டும்.