பிரியாணித் தட்டும் ஷேர் சித்தப்பாவும்

பி.காம். படித்தவனுக்கு இரண்டு தண்டனைகள் உண்டு. கல்யாண வீட்டில் மொய் நோட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால், ‘எந்த ஷேர் வாங்கலாம்?’ என்று கேட்பார்கள். முதல் தண்டனையில் சாப்பாடாவது கிடைக்கும்!

சித்திரை வெயிலில் சித்தப்பாவிடமிருந்து போன். “தம்பி, உடனே ஆம்பூர் வா. ஒரு முக்கியமான விஷயம்.”

வேலூர் கோட்டை அகழியைப் பார்த்தபடியே பஸ் ஏறினேன். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டினால் கூடவே பாலாறும் வரும். பெயரில்தான் பால், பார்த்தால் மணல். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். மாவட்டத்தைத்தான் பிரித்தார்கள். வாசனையைப் பிரிக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் நெடி ஒரு பக்கம், சீரகச் சம்பா பிரியாணி மணம் மறு பக்கம். மூக்குக்கு எதை நம்புவதென்றே தெரியாது!

சித்தப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண். அடுத்த வருஷக் கடைசிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது சித்தியின் கணக்கு.

நேராக பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போனார். எண்ணெய்க் கத்தரிக்காய் வந்தது. நான் சாப்பிட்டேன், அவர் எண்ணினார்.

“பதினேழு டேபிள்டா. பதினாலுல கூல் டிரிங்க்ஸ். பிரியாணி தின்னவன் தண்ணியா குடிக்கிறான்? கலர்தான்! அமெரிக்காவுல பஃபெட்டுனு ஒருத்தர் இதுலதான் கோடீஸ்வரன் ஆனாராமே? ஒன்பது லட்சத்தையும் கோக் ஷேர்ல போட்டுடலாம்னு இருக்கேன். நீ பாரம் மட்டும் ரொப்பிக் குடு.”

எனக்குக் கத்தரிக்காய் தொண்டையில் நின்றது.

“சித்தப்பா, பஃபெட் 1988-ல வாங்க ஆரம்பிச்சது அமெரிக்கக் கம்பெனி ஷேர். நம்ம ஊர் ஷேர் மார்க்கெட்டுல கோக கோலாவே கிடையாது!”

“இன்னாடா சொல்ற? ஊர் பூரா பாட்டில் இருக்கு, ஷேர் இல்லையா?”

அது ஒரு பழைய கதை. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவிகிதத்துக்குக் குறைக்க வேண்டும் என்றது ஃபெரா சட்டம். கோல்கேட் போன்றவை இந்தியப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுவிட்டு இங்கேயே இருந்தன. அன்று வாங்கிப் பெட்டியில் பூட்டிய குடும்பங்கள் பிற்பாடு வீடு கட்டின. கோக கோலாவோ ரகசியச் சேர்மானத்தை விட்டுத்தர மாட்டேன் என்று 1977-ல் மூட்டை கட்டியது. 1993-ல் திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் என்று பார்லேயின் பெயர்களையே வாங்கிக்கொண்டது. பங்கை மட்டும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை.

“சரி, நம்ம பொவண்டோ?”

“1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளிமார்க் கம்பெனியோடது. குடும்பச் சொத்து. குடிக்கலாம், ஷேர் வாங்க முடியாது.”

“கேம்பா?”

“2022-ல ரிலையன்ஸ் வாங்கிடுச்சு. அந்த ஷேரை வாங்கினா பெட்ரோலும் போனும்தான் அதிகம் வரும். கலர் ஒரு மடக்கு!”

மிச்சம் இருப்பது வருண் பெவரேஜஸ். பெப்சிக்காகப் பாட்டில் நிரப்பி விற்கும் கம்பெனி. 2016-ல் பங்கு 445 ரூபாய்க்கு வெளியிட்டது. 2019-ல் தமிழ்நாடு உள்பட தெற்கு, மேற்கு மாநிலங்களின் உரிமையையும் வாங்கியது. போனஸ், பங்குப் பிரிப்பு எல்லாம் சேர்த்தால் முதலில் போட்ட பணம் பத்து மடங்குக்கும் மேல் பெருகியது.

சித்தப்பா கண்ணில் மின்னல். “அப்ப அதையே போடு!”

“பெப்சியோட ‘கான்சன்ட்ரேட்’ பெப்சிகிட்டதான் இருக்கு. இவங்க அதை வாங்கி, தண்ணி, சர்க்கரை, கேஸ் சேர்த்து விக்கறாங்க.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். “நம்ம ஷூ மாதிரின்னு சொல்லு. தோல் நம்மது, தையல் நம்மது. பேர் மட்டும் வெள்ளைக்காரன்து. அவன் பேரை ஒட்டினதும் வெலை எங்கியோ போயிடும்.”

முப்பது வருஷம் ஷூ தைத்தவருக்கு நான் பாலன்ஸ் ஷீட் விளக்க வேண்டியதே இல்லை! ஒரு வித்தியாசம் மட்டும் சொன்னேன். பாட்டில்காரருக்கு இன்னின்ன மாநிலம் என்று எல்லை உண்டு. பெப்சி விற்க இன்னொருவர் அங்கே நுழைய முடியாது. அதனால்தான் அந்த லாபம்.

சாப்பிட்டு முடித்துப் பாலாற்றுப் பாலம்வரை நடந்தோம். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பக்கத்துக் கிணறுகள் கெட்டுப்போய், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தண்ணீரும் கணக்குப் புத்தகத்தில் ஏறும் சரக்குதான் என்று இந்த ஊர் அன்றே தெரிந்துகொண்டது.

குளிர்பானத்துக்கும் அதே கதைதான். கேரளத்துப் பிளாச்சிமடையில் நிலத்தடி நீர்ப் பிரச்னையால் கோக் ஆலை 2004-ல் மூடப்பட்டது. தாமிரபரணித் தண்ணீருக்காக மதுரையில் வழக்கு நடந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. இத்தனைக்கும் மேல் 40 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு!

“எல்லாத்துக்கும் மேல மழை சித்தப்பா. இந்த வியாபாரத்துக்கு ஏப்ரல், மே, ஜூன்தான் தீபாவளி. 2025-ல மழை முந்திக்கிச்சு, அந்த மூணு மாசத்துல விற்பனை குறைஞ்சுது. பஃபெட் முப்பது வருஷத்துக்கும் மேல வெச்சிருக்கார். உங்களுக்கு அடுத்த வருஷம் கல்யாணம். மண்டபத்துக்காரன்கிட்ட ‘ஷேர் ஏறட்டும், அப்புறம் தரேன்’னு சொல்வீங்களா?”

பதில் இல்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். “சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு நகைகூட வாங்கல. இருக்கற பணத்தை ரெண்டா ஆக்கிடலாம்னு நெனச்சேன்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியை உட்கார வைத்துத் தீர்மானம் போட்டோம். கல்யாணத்துக்கு ஏழு லட்சம் பாங்க்கிலும் போஸ்ட் ஆபீஸிலும். ஒன்றரை லட்சம் ஆஸ்பத்திரி, அவசரத்துக்கு. மிச்சம் ஐம்பதாயிரம் சித்தப்பா இஷ்டம். அதுவும் மாசம் ஐயாயிரமாக, பத்து மாசத்தில். “போனாலும் போச்சுன்னு தூங்கணும்” என்றேன். சித்தி முதல்முறையாக வாயைத் திறந்தார். “ரெண்டு மாசமா நான்தாம்பா தூங்கல.”

மூன்று வாரம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

“தம்பி... இங்க மழை கொட்டுதுடா.”

“நல்லதுதானே சித்தப்பா?”

“நல்லதுதான். பொறந்ததுலருந்து பாலாத்துல தண்ணி வரணும்னு வேண்டிக்கிட்டவன் நான். இன்னிக்கு ஜன்னலைத் தெறந்ததும் மொத நெனப்பு, ‘ஐயையோ, யாரும் கலர் குடிக்க மாட்டானே’ன்னு வருது. ஐயாயிரம் ரூபாய்க்கே இப்படின்னா...”

சித்தி போனைப் பிடுங்கியது கேட்டது.

“பெய்யட்டும்ப்பா! நல்லா பெய்யட்டும்! இன்னிக்குத்தான் குடம் வைக்காம தொட்டி ரொம்பியிருக்கு!”