ஏறாத ரயிலுக்கு எழுபது நிமிடம்

ஏப்ரல் 4, வெள்ளி இரவு

பெட்டி கட்டி முடித்தாயிற்று. புளிக்காய்ச்சல் இரண்டு டப்பா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஐந்து பாக்கெட், அம்மாவின் முழங்கால் தைலம். டிஸ்னிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாட்டில் மட்டும் கூடாது என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. “சினிமாக் கொட்டகைக்காரன விட நல்லவனா இருப்பான் போல” என்றாள்.

என் பங்குக்கு நான் ஒரு எக்செல் போட்டு வைத்திருக்கிறேன். எந்த ரைடு எத்தனை மணிக்கு, எதிலிருந்து எதற்கு எத்தனை நிமிட நடை, எல்லாம் அதில் உண்டு. என் பிழைப்பே வரிசைதான். தொலைபேசிச் சேவை மையத்தில் எத்தனை பேரை உட்காரவைத்தால் கூப்பிடுகிறவர் எத்தனை நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுகிறவன் நான். 1909-ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காக எர்லாங் என்பவர் தொடங்கிவைத்த கணக்கு இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. மனைவி எட்டிப் பார்த்து, “இது லீவா, ஆடிட்டா?” என்றாள்.

அட்லாண்டாவைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டித்தான் வசந்த விடுமுறை. எல்லா ஊருக்கும் ஒரே வாரம் விடுவதில்லை. மார்ச் நடுவில் தொடங்கி ஈஸ்டர் முடிகிறவரை ஒவ்வொரு மாநிலமாக ஃப்ளோரிடாவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஜனவரி கடைசியில் போனால் கூட்டமே இருக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். ஜனவரியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதனால்தானே கூட்டம் இல்லை.

ஏப்ரல் 5, சனி

சுமார் 440 மைல். ஏழு மணி நேரம் என்றது போன். பத்தாகிவிட்டது.

ஜார்ஜியாவின் தென்கோடியில் 75-ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டுப் பெட்ரோல் போட இறங்கினோம். பங்க் ஓரத்தில் ஒரு கூடாரம், கையால் எழுதிய பலகை: ‘பாய்ல்டு பீநட்ஸ்’. பெரியவள் படித்துத் தமிழில் சொன்னதும் அம்மா சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். அமெரிக்காவிலேயே அதிகமாகக் கடலை விளைகிற மாநிலம் ஜார்ஜியாதான். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் இந்தப் பக்கத்துக் கடலை விவசாயி. இதெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒன்றை எடுத்து நெரித்துவிட்டாள். தோடு பிய்ந்தது, உப்புத் தண்ணீர் விரலில் வழிந்தது. உள்ளே பருப்பு மொச்சை மாதிரி ஊதியிருந்தது. மென்றாள். கடைக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “பச்சக் கடல இல்லய்யா. காஞ்சத ஊறப்போட்டு அவிச்சிருக்கான். இப்ப எங்க பச்சக் கடல வரும்?”

கடைக்காரரிடம் கேட்டேன். ஆமாம், புதுக்கடலை ஆகஸ்டில்தான் வரும் என்றார். கரிசல் காட்டுக்காரியின் நாக்கை ஏமாற்ற முடியாது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நீச்சல் குளம். தூக்கம். எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மேஜிக் கிங்டம். எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடம் நிரம்பிக்கொண்டிருந்தது. ஒஹாயோ, மிச்சிகன், டென்னசி என்று நம்பர் பலகைகள். நிறுத்துமிடப் பகுதிகளுக்குப் படத்து நாயகர், வில்லன் பெயர்களாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அமைந்தது அலாவுதீன் கதை வில்லன் ஜஃபார். “மறந்துராத, ஜாபர்” என்று அம்மா மூன்று முறை சொல்லிக்கொண்டாள். கோவில்பட்டியில் எங்களுக்குத் துணி தைத்தவர் பெயர் அது.

வண்டியை நிறுத்தினால் பார்க் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏரியைத் தாண்டவேண்டும், படகு அல்லது மோனோரயில். இரண்டுக்கும் வரிசை. படகுக்கு நிற்கையில் அம்மாவுக்குக் கதை சொன்னேன். அறுபதுகளில் இது வெறும் சதுப்பும் புதரும். விலை ஏறிவிடக் கூடாதென்று வால்ட் டிஸ்னி வேறுவேறு கம்பெனிப் பெயர்களில் 27,000 ஏக்கர் வாங்கிச் சேர்த்தார். 1965-ல் குட்டு உடைந்தது. 1966 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். 1971 அக்டோபர் 1-ந் தேதி பார்க்கைத் திறந்தார்கள்.

“அப்ப, வாங்கினவரு பாக்கலயா?”

“பாக்கல.”

“யாரு கட்டி முடிச்சது?”

“அவரோட அண்ணன், ராய். வேலைய விட்டு ஓய்வெடுக்க வேண்டியவரு, தம்பிக்காக இருந்து முடிச்சாரு. தெறந்து மூணு மாசம் ஆகல, அவரும் போயிட்டாரு.”

அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். “அண்ணன்னா அப்படி இருக்கணும்.” இது மதுரையில் இருக்கிற என் அண்ணனுக்குப் போகவேண்டிய சேதி. நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே சிண்டரெல்லா கோட்டை. உயரம் 189 அடி. 200-ஐத் தொட்டால் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு வைக்க வேண்டியிருக்கும் என்பார்கள். மேலே போகப்போகக் கல்லும் சன்னலும் சிறுத்துக்கொண்டே போவதால் கண் ஏமாந்து இன்னும் உயரமாகக் காண்கிறது. இதை நான் பெரிய ரகசியம் போலச் சொல்ல, அம்மா, “கோபுரத்துலயும் மேல போகப்போக நெல சின்னதாத்தான வரும்?” என்றாள். அதோடு விடவில்லை. “நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் எத்தன அடி?” போனில் பார்த்தேன். 192. அதன்பிறகு அந்தக் கோட்டையைப் பற்றி அம்மா கவலைப்படவே இல்லை.

நாங்கள் நின்ற தெருவே மாடிதான். அந்த மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. அதனால் வேலையாட்கள் போய்வரும் சுரங்கப் பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, ஏரிக்குத் தோண்டிய மண்ணை அதன் மேல் கொட்டி மூடிவிட்டு, அதற்கு மேல் ஊரை எழுப்பியிருக்கிறார்கள். குப்பைகூடக் குழாய் வழியாகக் காற்றில் உறிஞ்சப்பட்டுப் போகிறது. எனக்கு இதெல்லாம்தான் ரைடு. பிள்ளைகளுக்கு இல்லை, இழுத்துக்கொண்டு போனார்கள்.

எக்செல் பதினோரு மணிக்குச் செத்தது. சின்னவனுக்கு ஒன்றுக்கு வரும் என்பதற்கு அதில் கட்டம் போட மறந்திருந்தேன்.

பீட்டர் பேன் வரிசையில் நிற்கும்போது பக்கத்துத் தடத்தில் சிலர் கைவீசி நடந்து போனார்கள். அம்மா கேட்டாள், “அந்தா போறாகளே, அவுக யாரு?”

“காசு கட்டினவுக.”

“நம்மளும் கட்டித்தான வந்தோம்?”

கட்டித்தான் வந்தோம். 1971-ல் மூன்றரை டாலர் கொடுத்து உள்ளே வந்து, ரைடுக்குத் தனியாகச் சீட்டுப் புத்தகம் வாங்குவார்களாம். இப்போது நுழைவுச்சீட்டே ஆளுக்கு நூற்றைம்பதைத் தாண்டுகிறது. வரிசையைத் தாண்ட மறுபடி ஒரு கட்டணம். 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று வந்தபோது அது இலவசம். 2021-லிருந்து காசு. “சிறப்பு தரிசனம்மா” என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் வரிசை ஆளாக எனக்கு உறுத்துவது காசு இல்லை. ஏற்றுகிற இடத்தில் இரண்டு தடமும் ஒரே வாசலில் சேர்கின்றன. அந்தப் பக்கத்துக்குக் கதவைத் திறக்கத் திறக்க இந்தப் பக்கம் உறைந்து நிற்கும். நமக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணிப் பயனில்லை. பார்க்காத ஆட்கள் பாதிப் பேர்.

பேய் வீடு வேறு ஜாதி. நாற்காலிகள் சங்கிலி போலக் கோத்து ஓயாமல் ஓடுகின்றன; நிறுத்தி ஏற்றும் வேலையே இல்லை. அதனால் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் வரிசை ஊர்ந்துகொண்டே இருக்கும். என்ன, ஓடும் பட்டையில் காலை வைத்து ஏறவேண்டும். எஸ்கலேட்டரைக் கண்டாலே சேலையைச் சுருட்டிப் பிடிக்கிற அம்மா ஒரு நொடி நின்றாள். பணியாள் பெண் கையை உயர்த்த, பட்டை மெதுவானது. அம்மா ஏறி உட்கார்ந்தாள். 999 பேய்கள் இருக்கின்றன என்று உள்ளே குரல் சொன்னது. வெளியே வந்ததும், “ஒண்ணுகூட நம்ம ஊர்ப் பேய் மாதிரி இல்ல, எல்லாம் டான்ஸ் ஆடுது” என்றாள்.

ராத்திரிக் கணக்கு: ரைடு ஏழு. ஓடியது சுமார் 45 நிமிடம். நின்றது 5 மணி 40 நிமிடம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

யாருக்கும் கால் இல்லை. துவைத்தோம், காயப்போட்டோம். தங்கின வீட்டில் தைல வாசம்.

ஏப்ரல் 9, புதன்

அனிமல் கிங்டம். அங்கே ஆசியா என்று ஒரு பகுதி, அதில் ‘ஆனந்தபூர்’ என்று ஒரு கற்பனை ஊர். காரை பெயர்ந்த சுவர், சாயம்போன விளம்பரம், துருப்பிடித்த சைக்கிள், தொங்கும் ஒயர். ஒவ்வொரு கறையையும் ஆள் வைத்துப் பூசியிருக்கிறார்கள். அம்மா ஒரு சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தாள். “புதுசத்தான் பழசாக்கி வச்சிருக்கான். நம்ம வீட்டுப் பின்செவர இவன்ட்ட குடுக்கலாம்.” கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது எனக்கு, நம் ஊர் என்றால் காரை பெயர்ந்துதான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? ஆனால் அந்தச் சைக்கிளைப் பார்த்து முதலில் போட்டோ எடுத்தவனும் நான்தான்.

எவரெஸ்ட் மலை ரயில்தான் இன்றைய கொடி. 2006-ல் திறந்தது, மலை 200 அடிக்கு அரை அடி குறைவு. ஏற 44 அங்குல உயரம் வேண்டும். சின்னவன் மூன்று மாதமாக வீட்டுச் சுவரில் அளந்துகொண்டிருக்கிறான். இன்று இரண்டு ஜோடி காலுறை.

வாசலில் அளவுகோலோடு ஓர் இளைஞன். சின்னவனை நிறுத்தி, முதுகை நேராக்கி, மெதுவாகக் கோலின் குறுக்குக் கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுவந்தான். நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். மயிர் கம்பியைத் தொட்டது. இளைஞன் உள்ளங்கையால் மயிரை அமுக்கினான். இடையில் வெளிச்சம் தெரிந்தது. அரை அங்குலம்.

அழுவான் என்று நினைத்தேன். இளைஞனை நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில் கேட்டான், “நாளைக்கு வரலாமா?”

ஒருவர் குழந்தையோடு வெளியே இருந்துவிட்டு, முதல் ஆள் வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ள இங்கே ஓர் ஏற்பாடு உண்டு. மனைவி சின்னவனோடு நின்றுகொண்டாள். நானும் பெரியவளும் உள்ளே போனோம். பின்னாலேயே அம்மா வந்தாள். பலகை 70 நிமிடம் என்றது.

வரிசை அந்த ஊருக்குள்ளேயே வளைந்து போகிறது: மலையேற்றச் சீட்டு ஆபீஸ், மணிகள் தொங்கும் மண்டபம், சாமான் கடை, எட்டியைப் பற்றிய ஒரு மியூசியம். மண்டபத்தில் அம்மா கைகூப்பிவிட்டாள். பிறகுதான், “என்ன சாமிப்பா இது?” என்றாள். எட்டி என்றேன், பனிமனிதன். கையை இறக்கவில்லை. “இருக்கட்டும்.”

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு சின்ன சமன்பாடு உண்டு: நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதைக் காத்திருக்கும் நிமிடத்தால் பெருக்கினால் உள்ளே நிற்பவர் எத்தனை பேர் என்று வந்துவிடும். நிமிடத்துக்குப் பதினைந்து பேர் என்று வைத்தால் எங்களைச் சேர்த்து ஆயிரத்து ஐம்பது பேர். ரயில் ஒன்றுக்கு 34 இடம். இதை நான் பெரியவளுக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா முன்னால் நின்ற குடும்பத்துப் பையனுக்குக் கடலைமிட்டாய் நீட்டிவிட்டாள்.

“ஆச்சி, நோ!” பெரியவள் அலறினாள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இங்கே உண்டு, அவளுடைய வகுப்பிலேயே இருவர். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “கடல ஒத்துக்காத பிள்ளையா?” அந்தப் பையனின் தாயார் சிரித்து, பரவாயில்லை, இவனுக்கு ஒன்றும் செய்யாது என்று வாங்கிக்கொடுத்தார். ஒஹாயோக்காரர்கள். கூட வந்திருந்த அவர்களுடைய பாட்டியும் ஒன்று எடுத்துக் கடவாயில் வைத்துக் கடித்து, கம்பியில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்தார். அம்மா அதைப் பார்த்தாள். பையைத் திறந்தாள்.

மியூசியம் வரும்போது இருவர் மீதும் ஒரே வாசம்.

ஏற்றும் மேடை வந்தது. எந்தக் கதவில் நிற்கவேண்டும் என்று பணியாள் விரலைக் காட்டினார். அம்மா நகரவில்லை. “நீங்க போங்கய்யா. எனக்கு இதெல்லாம் வேண்டாம்.” ஒஹாயோப் பாட்டியும் தலையை ஆட்டினார். பணியாள் இருவரையும் மறுபக்கம் இறங்கும் வழியைக் காட்டி அனுப்பினார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு படியிறங்குவதை ரயில் கிளம்பும்போது பார்த்தேன்.

மூன்று நிமிடம். மேலே தண்டவாளம் பிய்ந்து நிற்க, ரயில் பின்னோக்கி இருட்டில் விழுகிறது. பெரியவள் என் கையில் நகத்தடம் பதித்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் அம்மா தயிர்சாத டப்பாவைப் பிரித்திருந்தாள். “ஏறலன்னா எதுக்கும்மா அவ்வளவு நேரம் நின்ன, இந்தக் கால வச்சுக்கிட்டு?”

“நீங்க ரெண்டு பேரும் நின்னீங்கள்ல?” என்று சொல்லிவிட்டு, அரை அங்குலக்காரனுக்கு ஒரு கவளம் உருட்டினாள்.

இன்றைக்குக் கணக்கு எழுதவில்லை.

ஏப்ரல் 12, சனி

திரும்புகாலில் ஜார்ஜியா எல்லையைத் தாண்டியதும் 75-ஆம் எண் சாலை நின்றேவிட்டது. மூன்று தடத்திலும் பின்விளக்குகள், கண்ணுக்கெட்டியவரை. பெரியவள் தூங்கிவிட்டாள். போன் முதலில் இருபது நிமிடம் தாமதம் என்றது, பிறகு ஐம்பது. மனைவி செருப்பைக் கழற்றிக் காலை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டாள்.

பின் இருக்கையில் சின்னவன் கண்விழித்து முன்கண்ணாடி வழியே வெகு நேரம் பார்த்தான்.

“அப்பா, இது எந்த ரைடுக்கு?”

நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா காலடியில் இருந்த கடலைப் பையை எடுத்து மடியில் பிரித்து, உரித்து, ஒவ்வொன்றாக அவனிடம் நீட்டத் தொடங்கியிருந்தாள்.