உப்பளக்கரையில் ஓர் ஏட்டாளர்

கற்பிட்டிக் குடாநாட்டிற்கும் பெருநிலத்திற்கும் இடையே கிடக்கும் புத்தளம் களப்பில், மழை குன்றிய மாதங்களில் நீர் மிகுந்த உவர்ப்பேறும். அந்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி வெயிலுக்கு விட்டால் உப்பு விளையும். வெயிலும் காற்றும் உழைப்புமே அதன் முதல். ஆயினும் பிரித்தானியர் ஆட்சியில், விளைத்தவன் தன் உப்பைத் தான் விரும்பியவர்க்கு விற்க இயலாது. உப்பு வாணிகம் அரசின் தனியுரிமையாயிருந்தது.

இக்கற்பிட்டியிலே 1807இற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. அவரது இளமைக்காலம் இலங்கையிற் பல தளைகள் அறுந்த காலமாகும். கோல்புறூக் குழுவின் விதப்புரையின் பின்னர் 1832இல் கட்டாய இராசகாரிய ஊழியம் ஒழிந்தது. 1833இல் கறுவா வாணிகத்தின் அரச ஏகபோகமும் நீங்கியது. ஏகபோகத்தை 1776இலேயே கடிந்தெழுதிய ஆதாம் சிமித்தின் கருத்து இத்தீவையும் எட்டியது எனலாம். உப்பை மட்டும் அது தீண்டவில்லை. காரணம் எளிது: கறுவா இன்றி வாழலாம், உப்பின்றி உண்ண இயலாது. தப்ப வழியற்ற வரியை எவ்வரசு எளிதிற் கைவிடும்?

1834இல், தமது இருபத்தேழாம் வயதில், காசிச்செட்டி ஆங்கிலத்தில் இலங்கை பற்றிய ஓர் இடவிவர அகராதியை வெளியிட்டார். தனிமனித சுதந்திரத்தை முதலாகக் கொள்வோர் இங்கே தம் கட்சிக்குச் சான்று காண்பர்: ஒருவரது சொந்த வேட்கை, ஒரு நாட்டையே ஏட்டில் அடக்கியது. உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அவர் அரச பணியாளர். 1838 முதல் சட்டநிரூபண சபையில் தேசாதிபதியால் நியமிக்கப்பெற்ற உறுப்பினர். பின்னர்ச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதி. ஓய்வும் செல்வாக்கும் அப்பதவிகள் தந்தவையே. தாமே தொடங்கிய முயற்சிகளுள் ஒன்றான 'உதயாதித்தன்' என்னும் தமிழ்த் திங்களிதழ் 1841இல் தோன்றி, நெடுநாள் நிலைக்கவில்லை. சுதந்திரச் சந்தை அறிஞனைக் காக்கும் என்பாருக்கு இது சங்கடமான செய்தி.

ஆயினும் பதவி எவரையும் புலவர் சரிதம் எழுதப் பணிப்பதில்லை. கிரேக்க புளூட்டாக்கின் பெயரைத் தாங்கி, 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய 'தமிழ் புளூட்டாக்' அவரது தன்விருப்பின் பயன். அதன் காலவரையறைகளிற் பிழைகள் உண்டு. சில புலவர்க்குப் பெயருக்கு மேல் அதிகம் இல்லை. பின்வந்தோர் திருத்தினர்; திருத்துவதற்கு முதலில் ஓர் ஏடு வேண்டியிருந்தது. நூல் வெளிவந்த மறுவருடமே அவர் காலமானார். களப்பின் பாத்திகளில் அவ்வாண்டு விளைந்த உப்பும் அரசுக்கே உரியதாயிருந்தது.