காசிமேட்டு ஞாயிறு

ஞாயிறு ஓய்வுநாள் என்று காசிமேட்டில் சொன்னால் சிரிப்பார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் கூட்டம் அதிகம் அன்றைக்குத்தான். விடியுமுன்பே வியாபாரம் தொடங்கிவிடும். கன்னியாகுமரிப் பக்கம் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போகாதது வழக்கம். இங்கே ஞாயிறை விட்டால் வாரச் சம்பாத்தியமே போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கின்றனவே என்றால், அது ஓய்வா? வருமானம் இல்லாத நாட்கள்.

மீன் விற்றுவிட்டு வரும் அம்மா குளித்து, சர்ச்சுக்குப் போய்வந்து, குழம்பும் வைக்கிறாள். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாதவர்களை யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் வரிசையாகச் சொல்கிறது: நீ, மகன், மகள், வேலைக்காரர், மிருகஜீவன்கூட உண்டு. மனைவி என்ற வார்த்தை மட்டும் இல்லை! 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்பார்கள். சரி, அப்படியானால் ஞாயிறு மத்தியானம் அவள் தூங்கட்டும். மீனை மகன் கழுவட்டும், குழம்பை அப்பா வைக்கட்டும். உப்பு கூடினால் கூடட்டும்.